விதை மாற்றுகிற கணக்கு

நாவல் எழுதுகிறவனிடம் மதிப்புரைக்கு வருவது பெரும்பாலும் புத்தகமாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒரு சினிமா, ஒரு கச்சேரி. கைக்கடியாரத்தை நீட்டி, "இதைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன?" என்று என்னை யாரும் கேட்டதில்லை. போன ஐப்பசியில் அதுவும் நடந்தது.

கேட்டவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பயிர் செய்கிறவர். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்கு அவர் வயலிலிருந்து நடந்தே போய்விடலாம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. 2021ல் அந்தப் பிள்ளை அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தான். அலங்காரத்துக்காக அல்ல. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் இவருடைய முறை இரவில்தான் வந்து வாய்க்கும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் அடங்கினபிறகு, வழுக்குகிற வரப்பில் தனியாகப் போய் மடையைத் திறந்துவிட்டு வருகிற மனிதர். எங்கேயாவது விழுந்து கிடந்தால் வாட்சே தெரிந்துகொண்டு டெலிபோன் செய்துவிடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது ஒரு தைரியம்.

இப்போது பையன் வேறு வாட்ச் அனுப்புகிறேன் என்கிறான். பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்களாம்.

"மூணு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்திடணும்ங்கிறான் தம்பி. வருஷா வருஷம் மாத்துறவங்களும் இருக்காங்களாம். ஏன், இது என்ன வெதநெல்லா?" என்றார்.

"இந்த வாட்சுக்கு என்ன குறைச்சல் அண்ணே?"

"ஒண்ணுமில்லே. பொழுது சாஞ்சா தூங்கிப்போயிடுது. என்னை மாதிரிதான்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் ஸ்மார்ட் வாட்சை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்று நான் அதற்கப்புறம் தேடிப் படித்த பக்கங்கள் ஒன்றிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை. இரண்டு வருஷம் என்கிறான் ஒருவன், மூன்று என்கிறான் ஒருவன், ஐந்து வரை ஓட்டலாம் என்கிறான் சிக்கனக்காரன். எல்லாருமே வருஷத்தைச் சொல்கிறார்களே தவிர, மாற்றப்படுவது என்ன என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வயலில் நிற்கிறவனுக்கு அந்தப் பிரிவினை தெரியும்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிற பயிர். ஆகவே போன வருஷத்து நெல்லில் எடுத்து வைத்ததை இந்த வருஷம் விதைத்தால் அதே நெல்தான் விளையும். ஆனால் களத்திலும் சாக்கிலும் அடுத்த ரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே வரும். நாலைந்து போகம் போனால் பயிர் ஒரே மட்டமாக நிற்காது. ஒரு கதிர் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும், ஒன்று இன்னும் பச்சையாகவே இருக்கும். கலவன் விழுந்துவிட்டது என்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சான்று விதை வாங்கிவிடு என்று விவசாய இலாகா சொல்வது இதற்காகத்தான். வாங்குவதும் அதே ரகம்தான். சோறு மாறவில்லை, வைக்கோல் மாறவில்லை, நாற்றங்கால் விடுகிற நாள் மாறவில்லை. தேய்ந்துபோன ஒன்றைப் புதுப்பித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். இதற்குப் பெயர் விதை மாற்றுவது.

ரகம் மாற்றுவது வேறு சமாசாரம். ஆடுதுறையில் 1922ல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம்முடைய ஜி.ஈ.பி. 24ஐயும் ஒட்டி எடுத்தது. குறுவைக்கென்றே செய்தது போன்ற குறுகிய கால நெல். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஒரே வேகமாகப் பரவியது. பிறகு அதையும் ஒதுக்கிவிட்டு ஏ.டி.டி. 36, 43 என்று அடுத்தடுத்து வந்தன. எண் ஏறினதற்காக எவனும் மாற்றவில்லை. பக்கத்து வயல்காரன் களத்தில் மூட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, பூச்சி விழுந்ததா, மழையில் சாய்ந்ததா, வியாபாரி என்ன விலைக்குக் கேட்டான் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, முதலில் ஒரு மாவில் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் மாற்றினான்.

அந்த இலாகாவிலேயே ஒரு நேர்மையான திருத்திய பதிப்பு உண்டு. சி.ஆர். 1009 என்பது சம்பாவுக்கு நெடுநாளாக இங்கே பழகின நெல். கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் நின்றால் பயிர் அழுகிவிடும் என்பதுதான் தாழ்ந்த பூமிக்காரர்களின் தீராத துக்கம். வெள்ளத்தில் இரண்டு வாரம் போல் முழுகிக் கிடந்தாலும் மீளக்கூடிய ஒரே ஒரு குணத்தை அந்த நெல்லுக்குள் சேர்த்து, சி.ஆர். 1009 சப் 1 என்று கொடுத்தார்கள். மற்றதெல்லாம் பழைய நெல்தான். வடிகால் அடைத்துப்போன பூமிக்காரன் மாற்றிக்கொள்ள வேண்டும். மேட்டு நிலத்துக்காரன் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. காரணம் இன்னது என்று பெயரிலேயே இருக்கிறது.

இனி வாட்சுக்கு வருகிறேன்.

ஒரு புத்தகத்தின் பதினோராவது பதிப்பு மேஜைக்கு வந்தால் விமர்சகன் செய்கிற முதல் காரியம் பத்தாவது பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டுவது. ஆப்பிள் கம்பெனியின் வாட்ச் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அநேகமாக வருஷந்தோறும் செப்டம்பரில் ஒரு புது வரிசை வருகிறது. நான் அந்த விவரப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் படித்தேன். அட்டை மாறியிருக்கிறது, காகிதம் மாறியிருக்கிறது, எழுத்து பெரிதாகியிருக்கிறது. சில பதிப்புகளில் நிஜமாகவே புது அத்தியாயம் உண்டு: 2018ல் வந்த நாலாவது வரிசையில் விழுந்தால் கண்டுபிடிக்கிற வித்தையும், இருதயத்தின் மின் ஓட்டத்தைக் கோடு போட்டுக் காட்டுகிற ஈ.சி.ஜி.யும் வந்தன. இவை ரகம் மாறியதற்கு ஒப்பானவை. மற்றப் பல வருஷங்களில் முன்னுரையை மட்டும் புதிதாக எழுதி அட்டை போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வரி என் கண்ணை உறுத்தியது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 18 மணி நேரம் ஓடும் என்பது 2015 பட்டியலில் இருக்கிறது. 2024ல் வந்த பத்தாவது வரிசையிலும் அதே 18 மணி. 2022ல் 'அல்ட்ரா' என்று ஒரு பெரிய உருப்படி 36 மணி ஓடுகிறதென்று வந்தது உண்மை. விலையும் அதற்கேற்ற பெரிசு. சாதாரண வரிசையில் 24 மணி என்ற எழுத்தைப் பார்க்க 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து வருஷமாக ஒரு மனிதனுடைய முழு நாள் அந்தக் கம்பெனிக்கு 18 மணியாகவே இருந்திருக்கிறது. தண்ணீர் முறைக்காக இரவு பதினொன்றுக்கு எழுந்து போகிறவன் அவர்களுடைய உலகத்தில் இல்லை போலும்.

சாவி கொடுத்தால் அநேகமாக ஒன்றரை நாள் ஓடின எச்.எம்.டி.யை நினைத்துக்கொண்டு சிலர் பெருமூச்சு விடுவார்கள். 1961ல் ஜப்பானிய சிடிஸன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் ஆரம்பித்த கடியாரத் தொழில். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டிய வாட்சை மகன் காலேஜுக்குக் கட்டிக்கொண்டு போனான். 2016ல் அந்தக் கம்பெனியை மூடிவிட மத்திய சர்க்கார் தீர்மானித்தது. நான் அந்தப் பெருமூச்சுக்காரர்களோடு சேரமாட்டேன். அது தினம் இரண்டு நிமிஷம் பின்தங்கினால் ரேடியோவைக் கேட்டுத் திருப்பி வைத்தோம். மனிதன் வாய்க்காலில் விழுந்தால் அதுவும் கூடவே விழுந்து கிடந்தது. பழசு என்பதற்காக ஒரு பொருளுக்கு மரியாதை செய்வதென்றால் கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் கோயில் சுவரில் கருங்கல்லில் அரைவட்டமாகச் செதுக்கிய நிழல் கடியாரத்துக்குத்தான் முதல் மரியாதை. அதற்கு ஒரே ஒரு ஊசி, மாற்ற வேண்டிய பாகம் ஒன்றுமில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அதுவும் தூங்கிவிடும்!

ஆகவே பழசா புதுசா என்பது கேள்வி இல்லை. இந்த வாட்சுக்குத் தேவை விதையா, ரகமா என்பதுதான் கேள்வி. வாட்சில் விதைக்கு ஒப்பானது பாட்டரி. ஆப்பிள் கம்பெனி தன் வாட்சைப் பற்றிச் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ஆயிரம் தடவை முழுக்கச் சார்ஜ் செய்து தீர்த்தபிறகு பாட்டரியில் நூற்றுக்கு எண்பது பங்கு சக்தி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். தினம் ஒரு தடவை என்றால் ஆயிரம் தடவை என்பது மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. 18 மணியில் நூற்றுக்கு எண்பது என்றால் பதினாலரை மணிதான். காலை ஐந்து மணிக்குக் கையில் கட்டினால் இரவு ஏழரைக்குக் கண் மூடிவிடும். மூன்று வருஷம் என்று பையன் சொன்ன எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. விதை நெல்லுக்கும் பாட்டரிக்கும் ஏறக்குறைய ஒரே ஆயுள் அமைந்திருப்பது ஒரு விசித்திரம்.

நெல்லென்றால் விதையை மட்டும் மாற்றலாம். வாட்சில் பாட்டரியை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், ஏட்டில். தண்ணீர் புகாதபடி பசை போட்டு ஒட்டியிருப்பதால் வீட்டில் பிரிக்க முடியாது. தஞ்சாவூரில் ஒரு கடையில் பெரியவருடைய வாட்சைக் காட்டினேன். அங்கிருந்த பையன் மிகவும் மரியாதையாக, இதற்குச் செலவழிப்பதைவிடப் புதுசே வாங்கிவிடலாம் சார் என்றான். பாட்டரியின் விலையைக் கேட்டேன். அவன் புது வாட்சின் விலையைச் சொன்னான். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். அவன்மேல் குற்றமில்லை, அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் புகார் இந்த வியாபாரத்தின்மேல்தான். கலவன் விழுந்துவிட்டது, கொஞ்சம் விதை கொடு என்று போனவனிடம், உன் ரகமே பழசு, நிலத்தையே மாற்று என்கிறது.

இதைவிட ஒரு படி மேலே போன சங்கதியும் உண்டு. 2015ல் அந்த முதல் வாட்சைப் பதினெட்டு காரட் தங்கத்திலும் செய்தார்கள். விலை 10,000 டாலரிலிருந்து ஆரம்பம். 2018ல் புது மென்பொருள் வந்தபோது, முதல் தலைமுறை வாட்சுகளுக்கு அது கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்; தங்கத்துக்கும் சேர்த்துத்தான். நம் வீட்டுப் பெண்களிடம் மூன்று வருஷத்தில் பழசாகிப்போகிற தங்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பாட்டரி தேயவில்லை, ஸ்பிரிங் முறியவில்லை; ஏழு கடலுக்கு அப்பால் ஒரு ஆபீஸில் ஒரு தீர்மானம் போட்டார்கள், கையில் இருந்தது பழசாகிவிட்டது. ஒட்டு ரக வீரிய விதை வாங்குகிறவர்களுக்கு இது புரியும். அந்த நெல்லும் முதல் போகத்தில் பிரமாதமாக விளையும். அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாயைப் போல் ஒன்று, தகப்பனைப் போல் ஒன்று என்று சிதறிவிடும். ஆகவே ஒவ்வொரு போகமும் கம்பெனிக் கடையின் வாசலுக்குப் போக வேண்டும். வாங்குகிறவன் இதைத் தெரிந்துகொண்டே வாங்கினால் தப்பில்லை. சேரில் கட்டி வைக்கலாம் என்று நம்பி வாங்குகிறானே, அதுதான் பரிதாபம்.

கம்பெனி கைவிட்டதை வைத்திருப்பவர்கள் காப்பாற்றிய கதையும் ஒன்று இருக்கிறது. பெபிள் என்று ஒரு வாட்ச்; 2012ல் பொது ஜனங்களிடமே முன்பணம் வசூலித்து ஆரம்பித்தது. ஒரு வாரம் தாங்குகிற மாதிரி சாதாரணத் திரை, பொத்தான்கள். 2016ல் அதை ஃபிட்பிட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2018 ஜூனோடு அதன் இணையச் சேவைகளை நிறுத்தினார்கள். வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ரெபிள் என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தச் சேவைகளைத் தாங்களே நடத்தி வாட்சை ஓடவைத்தார்கள். 2025 ஜனவரியில் அதன் மென்பொருளையே, அப்போது அதற்குச் சொந்தக்காரராகியிருந்த கூகிள் எல்லாருக்கும் பொதுவில் விட்டுவிட்டது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது. இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். விளைந்ததும் நாலு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும். அது அடுத்த இரண்டு பேருக்குப் போகும். வழக்கிலிருந்து போய்விட்டதென்று கருதின நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நெல் வகைகளை அப்படித் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் காலமாகிவிட்டார். மாப்பிள்ளைச் சம்பா இன்று கடையில் கிடைப்பதற்கு அந்த மனிதரும் ஒரு காரணம்.

கடைத்தெருவில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிற வாட்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வாலிபர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது அதுதான். அதை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது என்பது கேள்வியே அல்ல, அதுவே மாறிவிடும். நேரம் பார்க்க, நடந்த அடியை எண்ண, பாட்டு மாற்ற, அதுவரை சரி. ஊசி குத்தாமலே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். அப்படித் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரன் பொய்க் கணக்கை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் என்னவாகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

மாறாக, உண்மையான பிரயோஜனத்தை நிரூபித்தது பெரும்பாலும் பழைய வாட்ச்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு வைத்தியக் கல்லூரியார் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, தாளம் தவறித் துடிக்கிற இருதயத்தை வாட்ச் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்து 2019ல் பிரசுரித்தார்கள். ஆயிரத்துக்கு ஐந்து பேர் போல்தான் எச்சரிக்கை வந்தது. அந்தச் சோதனைக்குப் போதுமானதாக இருந்தவை முதல் மூன்று வரிசை வாட்சுகள்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். நிலா இல்லாத இரவு. முறைத் தண்ணீர் பார்க்க அவரோடு நானும் வரப்பில் இறங்கினேன். வாட்ச் வீட்டில் மாடத்தில் சார்ஜில் கிடந்தது. அதுதானே அதற்கு ஓய்வு நேரம்! பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறபோது கையில் காவல் இருக்கிறது. இரவில் வழுக்குகிற இடத்துக்குப் போகிறபோது காவல்காரன் சாப்பிடப் போய்விடுகிறான். நாலு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாது.

"செல்போன் எங்கே அண்ணே?" என்று கேட்டேன்.

"ஆணியிலே பையோட மாட்டியிருக்கு. சேத்துலே விழுந்துட்டா என்ன பண்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாட்சுக்குத் தனியாக சிம் கிடையாது. பேச வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற செல்போன் வழியாகத்தான் பேசும். முப்பது, நாற்பது அடிக்கு மேல் போனால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். மடை வீட்டிலிருந்து கால் மைல். இவர் அங்கே விழுந்தால், பாட்டரி நிறைய இருந்தாலும், வாட்ச் விழுந்ததைத் தெரிந்துகொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் கையிலேயே துடித்துக்கொண்டிருக்கும். பையன் அனுப்பப்போகிற புது வாட்சும் அதே ஜாதிதான்; சிம் இல்லாதது. கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை, விலையும் குறைச்சல் என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பதினோராவது பதிப்பு வந்தாலும் இருபதாவது வந்தாலும் ஆணியில் தொங்குகிற செல்போன் ஆணியில்தான் தொங்கும்.

மறுநாள் காலையில் பிள்ளையோடு பேசினோம். முதலில் அவன் ஒப்பவில்லை. "பழசை வச்சுக்கிட்டு ஏன் சித்தப்பா கஷ்டப்படணும்?" என்றான். அப்பா விழுந்துவிடுவாரோ என்கிற பயத்துக்குக் கையோடு ஒரு பரிகாரம் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு. புது வாட்ச் அந்தப் பரிகாரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாடத்தில் கிடந்த வாட்சையும் ஆணியில் தொங்கின செல்போனையும் எடுத்துச் சொன்னபிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, சிம் போடுகிற மாதிரி ஒன்று என்ன விலை என்று பார்க்கிறேன், அதுவரை இது இருக்கட்டும் என்றான். பாட்டரியை அங்கேயே மாற்றித்தர ஓர் இடம் இருக்கிறதாம். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

இப்போது பெரியவர் வாட்சைக் காலையில் கட்டுவதில்லை. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிறபோது சார்ஜில் போட்டு, சாப்பிட்டு எழுந்து கட்டிக்கொள்கிறார். பகலில் எத்தனை அடி நடந்தார் என்று அதற்குத் தெரியாது. தெரிந்து ஆக வேண்டியதும் இல்லை. செல்போனை உர மூட்டை நெகிழித்தாளில் சுருட்டி இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்கிறார். போன வாரம் மடையடியில் மண்வெட்டியைக் கொஞ்சம் பலமாக ஓங்கிப் போட்டிருக்கிறார். விழுந்துவிட்டீர்களா என்று வாட்ச் கேட்டிருக்கிறது.

"இல்லேன்னு எதை அமுக்கறதுன்னு தேடறதுக்குள்ளே தண்ணி அடுத்தவன் வயலுக்குப் போயிடுச்சு தம்பி" என்றார்.